பதினேழாம் எண் மண்

அக்டோபர் 26, வியாழன்

ஆறாம் எண் மண்ணையும் பதினேழாம் எண் மண்ணையும் இன்று கழுவி முடித்தேன். ஆறு நல்ல பிள்ளை. சோடா போட்டு ஒரு கொதி விட்டதும் கரைந்து கொடுத்தது. பதினேழு பிடிவாதக்காரி, மூன்று முறை கொதிக்க வைக்க வேண்டியிருந்தது. அதுவும் இருந்ததே ஒரு கைப்பிடி. அரியலூர்ப் பக்கம் காசிராசன் என்பவர் கிணறு வெட்டும்போது தாஹிரா கயிற்றில் இறங்கி, இரண்டடிக்கு ஒன்றாக இருபத்திரண்டு மண் எடுத்து வந்தாள். முப்பத்து நான்காவது அடியில் உளி இறங்கவில்லையாம், மேலே ஆட்கள் அவசரப்படுத்தினார்களாம். அதனால் பதினேழு மட்டும் கைப்பிடி. எங்கள் துறையின் ஆய்வு மாணவிகளில் கிணற்றுக்குள் இறங்குகிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் கூகுளுக்குள் இறங்குகிறவர்கள்.

நாலு மணிக்கே கிளம்பிவிட்டேன். பால், ரவை, முந்திரி வாங்கினேன். நாளை விடுப்பு. கை சுத்தமாக இருக்கிறது.

அக்டோபர் 27, வெள்ளி

கரூரிலிருந்து என் மகள் இந்துமதியைப் பெண் பார்க்க வந்தார்கள். ஏழு பேர். கேசரி கொஞ்சம் இளகிவிட்டது, யாரும் குறை சொல்லவில்லை. பையனின் அம்மா கலகலப்பான மனுஷி.

"காலேஜுல என்ன வேலைங்க ஒங்களுக்கு?"

"மண்ணு கழுவுற வேலைங்க. மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கடல் ஓடு இருக்கும். மைக்ராஸ்கோப்ல பாத்து, பிரஷ் நுனியால ஒண்ணொண்ணா பொறுக்கணும். அது என்ன ஓடுன்னு பாத்து அந்தப் பாறைக்கு எத்தன வயசுன்னு சொல்லிருவாங்க."

"எங்க வீட்டுக்காரரு வயச யாராச்சும் அப்படிப் பாத்துச் சொன்னா தேவல. வருசா வருசம் கொறச்சுக்கிட்டே வர்றாரு."

எல்லோரும் சிரித்தோம். காப்பியை நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன வைகாசியில் பெரம்பலூரிலிருந்து வந்தவர்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகும்போது ஒரு அம்மா இந்துமதியைத் தனியே கூப்பிட்டு, "ஒங்கம்மா கைக்கு என்ன, நீலம் பாரிச்சிருக்கு, ஏதாச்சும் வியாதியா?" என்று கேட்டாளாம். அதோடு சரி, பதிலே வரவில்லை. இந்தத் தடவை அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நிம்மதியாக இருந்தது.

நவம்பர் 14, செவ்வாய்

தீபாவளி விடுமுறை முடிந்து வந்தால் ஆய்வகமே திருவிழாவாக இருக்கிறது. தாஹிரா என்னைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, பதினேழுல ஒம்போது இருக்கு!"

வேதமாணிக்கம் சார், எங்கள் துறைத்தலைவர், மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நானும் பார்த்தேன். பொறுக்கிய ஓடுகளை அடுக்கி வைக்கிற கறுப்பு வில்லையின் கட்டங்களில் நூற்றுக்கணக்கில் பெரிய, பூ வேலை செய்த ஓடுகள். டைனோசரோடு சேர்ந்து அழிந்துபோன இனம். அவற்றின் நடுவே ஒன்பது சின்னஞ்சிறு மொட்டை ஓடுகள். அந்த அழிவுக்குப் பிறகு பிறந்த இனம். இதுவரை எல்லோரும் அந்த முப்பத்து நான்காவது அடியை டைனோசர் காலத்துப் பாறை என்றுதான் எழுதி வந்திருக்கிறார்கள். இந்த ஒன்பதும் இல்லை என்கின்றன.

பெரியவை ஆயிரம் இருந்தாலும் இந்த ஒன்பதின் பேச்சுதான் செல்லும். பழைய ஓடு அரித்து வரப்பட்டுப் புதிய மண்ணில் சேரலாம். இன்னும் பிறக்காத ஓடு பழைய மண்ணுக்குள் போக வழியில்லை. எங்கள் வீட்டுப் பரணில் மாமனார் காலத்துச் செம்பும் போன மாத ரேஷன் ரசீதும் சேர்ந்து கிடந்தால், பரணைக் கடைசியாகத் திறந்தது போன மாதம்தானே. அதே கணக்கு.

சார் ஜாங்கிரி வாங்கி வரச் சொன்னார். முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கருத்தரங்கில் இதையே அவர் சொல்ல, சபையே சிரித்ததாம். தாஹிராவுக்கு மார்ச் எட்டாம் தேதி கடைசி நாள். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஆறு வருடப் பதிவு ரத்து. இனி கவலையில்லை என்றாள். நானும் ஒரு ஜாங்கிரி தின்றேன்.

நவம்பர் 15, புதன்

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 20, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு மண்ணைக் கழுவி முடித்ததும் சல்லடையைத் தேய்த்து, நீலச் சாயத்தில் முக்கி எடுக்க வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் வலைக்கண்ணில் ஒன்றிரண்டு ஓடு சிக்கியிருக்கும். சாயத்தில் முக்கினால் அவை நீலமாகிவிடும். அடுத்த மண்ணோடு கலந்து வந்தாலும், இது முந்தின மண்ணின் ஓடு என்று பார்த்த உடனே தெரியும், தள்ளிவிடலாம். பத்தொன்பது வருடமாக நான் தவறாமல் செய்கிற வேலை இது. கையுறை கேட்டு எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது, அது வேறு கதை. அந்தச் சாயம் நகத்தில் ஏறினால் பத்து நாளைக்குப் போகாது.

அக்டோபர் 26 அன்று ஆறாம் எண்ணைக் கழுவிய சல்லடையிலேயே பதினேழைக் கழுவினேன். நடுவில் சாயம் போடவில்லை. சாயப்பொடி தீருகிற நிலையில் இருந்தது. அதனால்தான்.

ஆறாம் எண் பன்னிரண்டாவது அடி. அதில் மொட்டை ஓடுகள் அள்ள அள்ள இருக்கும்.

ஆனால் சல்லடையைப் பிரஷ் போட்டு நன்றாகத்தான் தேய்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அந்த ஒன்பதும் உண்மையிலேயே பதினேழுக்குச் சொந்தமாகவும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். நீலம் இல்லாததால் எது எதுவென்று இனி யாராலும் சொல்ல முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 22, புதன்

சாரிடம் சாடையாகக் கேட்டேன். "பதினேழ இன்னொரு தடவ கழுவிப் பாத்துரலாமா சார்?"

"மண்ணு ஏதும்மா? இருந்ததே ஒரு பிடி. அந்தப் படுகை அந்தச் சுத்துவட்டாரத்துல வேற எங்கயும் வெளிய தெரியாது. அந்தக் கிணறு ஒண்ணுதான்."

கிணறுதானே. நானே போய் ஒரு பை எடுத்து வந்தால் ஆயிற்று. கழுவிப் பார்த்து மொட்டை ஓடு இருந்தால் வாயைத் திறக்கவே வேண்டாம்.

நவம்பர் 26, ஞாயிறு

வீட்டில் ஜவுளிக்கடை என்று சொல்லிவிட்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து மினிபஸ், பிறகு இரண்டு கிலோமீட்டர் நடை. கைப்பையில் உளி, சுத்தியல், நாலு பாலிதீன் பை. காசிராசன் அறுபது வயது மனிதர், வெற்றிலை வாயோடு சிரித்துக்கொண்டே கிணற்றுக்குக் கூட்டிப்போனார்.

கிணறு நிறையத் தண்ணீர். கை நீட்டினால் தொடலாம் போல இருந்தது.

"பாத்தீங்களா? மூணு வருசமா பூமி காஞ்சு கெடந்துச்சுங்க. ரெண்டே மழ. சாமி கண்ணத் தொறந்துருச்சு."

"எறச்சு விட முடியாதுங்களா? ஒரு நாளைக்கு மட்டும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "என்னங்க இப்பிடிக் கேட்டுட்டீங்க. மக்காச்சோளம் போட்டிருக்கேன். அப்பிடியே எறச்சாலும் விடியறதுக்குள்ள ஊறிரும். கோடையில வாங்க, நானே எறங்கி வெட்டித் தாரேன்."

போன் நம்பர் வாங்கிக்கொண்டார். மோர் கொடுத்தார். ஒரு மனிதனின் மூன்று வருடச் சந்தோஷத்தின் முன்னால் நின்றுகொண்டு, இது வற்றாதா என்று நினைத்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. கல்யாணம் மார்ச் 3. தாஹிரா வந்திருந்தாள், இந்துமதிக்கு மருதாணி போட்டுவிட்டாள். "ஒங்க பொண்ணு கல்யாணமும் என் தீஸிஸும் ஒரே வாரத்துலக்கா" என்றாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பந்தி கூப்பிட்டார்கள்.

ஜனவரி 8, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு, ஒரே மூச்சில் சொன்னேன். முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"எவ்வளவு நேரம் தேச்சீங்க?"

"எப்பவும் போலத்தான்."

"வெளிச்சத்துல பாத்தீங்கல்ல? ஒண்ணும் இல்லேல்ல?"

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியல தாஹிரா. ஆனா கண்ணுக்குத் தெரியாதுன்னுதானே சாயம் போடுறதே."

"சாயம் ஏங்க்கா போடல?"

பொடி தீர்ந்திருந்தது என்று சொல்ல வந்தேன். பொடி டப்பா அவள் முழங்கைக்கு அருகில்தான் இருந்தது, முக்கால் டப்பா. "மறுநாள் இந்துமதியப் பாக்க வந்தாங்க. கை நீலமா இருந்துருமேன்னு..."

அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "பதினேழு இல்லன்னா என் தீஸிஸ்ல மிச்சம் இருக்கறதெல்லாம் எல்லாரும் ஏற்கனவே சொன்னதுதான்க்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். காரணம் நானாக இருந்துகொண்டு அவளைத் தேற்றவும் எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் தாஹிரா ஓடி வந்தாள், கையில் கழுவல் பதிவேடு. முகத்தில் வெளிச்சம்.

"அக்கா, இங்க பாருங்க. அக்டோபர் இருவத்தாறு. ஆறு, பதினேழு, ரெண்டுக்கும் சாயம்கற கட்டத்துல டிக் இருக்கு. உங்க கையெழுத்து. நீங்க போட்டிருக்கீங்கக்கா. கல்யாண நெனப்புல மறந்துட்டீங்க."

டிக் இருக்கத்தான் செய்யும். நான் காலையில் வந்ததும் அன்றைய பக்கம் முழுக்க டிக் போட்டுவிட்டுத்தான் வேலையையே தொடங்குவேன். ஈரக் கையோடு பேனா பிடிக்க முடியாது. பத்தொன்பது வருடப் பழக்கம், யாரும் கேட்டதில்லை. அதையும் சொன்னேன்.

"நீங்க சொல்றது ஞாபகம். இது எழுத்து" என்றாள். பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி 10, புதன்

சாரிடமே நேராகப் போனேன். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செங்கமலம், பத்தொம்போது வருசத்துல ஒரு லேபிள் மாத்தி ஒட்டிருக்கியா?"

"இல்லீங்க சார்."

"ஒரு வில்லை ஒடச்சிருக்கியா?"

"இல்லீங்க சார்."

"வெளியூர்லேருந்து வர்றவங்க எல்லாம் ஒன் வேலையப் பாத்துட்டு என்ன சொல்லுவாங்கன்னு ஒனக்குத் தெரியாது. நீ தப்பு பண்ணிருக்க மாட்ட. பொண்ணு கல்யாணம், டென்ஷன். எனக்கும் என் பொண்ணு கல்யாணத்தப்ப கேஸ அணைச்சமான்னு பத்து வாட்டி தோணும். ஒரு வாரம் லீவு எடுத்துக்க."

"சார், நான் போடல சார்."

"போட்டிருப்ப" என்றார், மிகவும் அன்பாக.

அறையை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். சோம்பேறி என்று பெயர் வாங்கியிருந்தால் இன்று என் பேச்சு எடுபட்டிருக்கும். ஒழுங்காக வேலை பார்த்ததற்கு இப்படி ஒரு தண்டனை உண்டென்று எனக்குத் தெரியாது.

ஜனவரி 24, புதன்

ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் குழுவுக்கு விளக்கிக் காட்டும் தாஹிராவின் முன்வைப்பு இன்று. குழுவில் வெளியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், பெரிய நிபுணராம், நறுக்குத் தெறித்தாற்போல் பேசினார். நான் பின்வரிசையில் டீ கோப்பைகளோடு. எல்லாம் ஆங்கிலத்தில் போயிற்று, ஆனாலும் எங்கள் தொழிலின் சொற்கள் எனக்குப் புரியும். ஒன்பது ஓடுகளையும் திரை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினாள். பாறையின் வயது பத்து லட்சம் வருடமாவது குறைகிறது என்றாள்.

அந்த அம்மா முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். வேறு மண்ணிலிருந்து கலந்திருக்க வாய்ப்பு உண்டா? சல்லடைக்குச் சாயம் போட்டீர்களா?

தாஹிராவின் கண் பின்வரிசைக்கு வந்தது. பிறகு பதிவேட்டுப் பக்கத்தைத் திரையில் போட்டாள். என் டிக், என் கையெழுத்து, சுவர் அளவுக்கு.

சார் எழுந்து என்னைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லோரும் திரும்பினார்கள். அந்த அம்மா தமிழில், "உங்கள மாதிரி ஒருத்தர் எங்க லேப்ல இல்லியேம்மா" என்றார். கைதட்டினார்கள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை சொன்னவள் மூன்றாவது முறை சொல்வதற்கு என்ன. ஆனால் தாஹிரா மேடையில் நின்றுகொண்டிருந்தாள், ஆறு வருடம் கிணறு கிணறாக இறங்கியவள். நான் டீயைக் கொடுத்தேன். சர்க்கரை போடாதது எது என்று மறந்துபோய் எல்லாம் மாறிவிட்டது.

பிப்ரவரி 3, சனி

கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது. காசிராசனுக்கும் ஒன்று அனுப்பினேன்.

பிப்ரவரி 19, திங்கள்

சார் பதினேழைப் பற்றி எழுதுகிற கட்டுரையின் சுருக்கத்தை முன்கூட்டியே ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார். ஆந்திராவில் ஒரு கல்லூரிக்காரர்கள் தங்கள் ஆழ்துளை மண்ணையும் இதை வைத்துத் திருத்திக்கொள்ளப் போவதாக எழுதியிருக்கிறார்களாம். எனக்கு வாசித்துக் காட்டினார். "ஒன் கை எங்கெல்லாம் போயிருக்கு பாரு" என்றார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

மதியம் காசிராசன் போன். "கெணறு அடியோட வத்திருச்சுங்க. பக்கம் சரியுது, நாளைக்கே கொத்தனாருங்க வந்து அடியிலேருந்து சுவரு எழுப்புறாங்க. நீங்க மண்ணு வேணும்னீங்களே."

சுவர் எழும்பிவிட்டால் அந்த அடி இனி யாருக்கும் கிடையாது. ஆனால் வீட்டில் பந்தக்கால் நட்டாயிற்று, கரூர்க்காரர்கள் நாளை சீர்வரிசை பேச வருகிறார்கள். தாஹிராவைக் கூப்பிட்டேன். அச்சகத்தில் இருந்தாள்.

"ஒரே ஒரு நாள் தாஹிரா. போயி ஒரு பை எடுத்துட்டு வந்துரு. நான் இங்க வச்சே கழுவித் தாரேன். சாயம் போட்டு."

பின்னால் இயந்திரம் ஓடுகிற சத்தம்.

"எடுத்துட்டு வந்து, அதுல அந்த ஓடு இல்லன்னா என்னக்கா செய்யறது? பத்து நாள்தான் இருக்கு. எனக்குத் தெரிஞ்சுக்க வேணாம்க்கா."

வைத்துவிட்டாள். அவள்மேல் கோபம் வந்தது. நவம்பரில் நான் ஜாங்கிரி தின்றதும் இதே காரணத்துக்குத்தான் என்பதும் ஞாபகம் வந்தது.

காசிராசனையே திரும்பக் கூப்பிட்டேன். முப்பத்து நான்காவது அடியில் மட்டும் ஒரு பை வெட்டி வையுங்கள் என்று கெஞ்சினேன். "இதுக்குப் போயி கெஞ்சுறீங்களே, நான் பாத்துக்கிறேன். கல்யாணத்துக்கு வரும்போது கொண்டாந்துர்றேன்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர்.

மார்ச் 3, ஞாயிறு

தாலி கட்டியாயிற்று. இந்துமதி அழவில்லை, நான்தான்.

பந்தியின்போது காசிராசன் வந்தார். வேட்டி சட்டை மடிப்புக் கலையாமல், தோளில் ஒரு உரச்சாக்கு. மண்டபத்து வாசலில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். அரை மூட்டை மண் இருக்கும். பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் போட்டார்களாம். தாஹிரா கை கழுவ வந்தவள் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"முப்பத்தி நாலாவது அடிங்களா?" என்றேன்.

"அதுலதாங்க ஒரு சின்ன சங்கடம். முப்பத்தி நாலுன்னீங்க. பழைய தரையிலேருந்தா, இப்ப மேடு போட்டதுலேருந்தான்னு வெளங்கல. போன் போட்டா நீங்க எடுக்கல, கல்யாண வீடு. சுவரு வேற ஏறிக்கிட்டே வருது. அதான் எதுவும் விட்டுப்போயிரக் கூடாதுன்னு, அடியிலேருந்து உச்சி வரைக்கும் எல்லா எடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா வெட்டி, ஒண்ணா அள்ளிப் போட்டுக் கொண்டாந்துட்டேன். நீங்க கேட்டது கண்டிப்பா உள்ள இருக்கும்."

"சுவரு?"

"முடிஞ்சுதுங்க. நேத்து பூசிட்டாங்க. இனி சரியாது."

தாஹிரா சாக்கின் வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டாள். மஞ்சள் மண், சாம்பல் மண், கரும் பொடி, எல்லாம் ஒன்றாக. ஒரு பிடி அள்ளி, விரல் வழியே விட்டாள். காசிராசன் அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரிதானுங்களா? போதுமா?"

"ரொம்ப நல்லதுங்க" என்றேன். "வாங்க, எல ஆறுது."

அவர் பக்கத்தில் நின்று நானே பரிமாறினேன். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச் 7, வியாழன்

தாஹிரா ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். ஐந்து பிரதி, கறுப்பு அட்டை, பொன்னெழுத்து. ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நன்றியுரையில் அவள் அம்மாவுக்கு அடுத்து என் பெயர். நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் பதினேழு இருக்கிறது.

"நல்லா வந்திருக்கு" என்றேன்.

அவள் போன பிறகு, ஆய்வேட்டுக்குத் தேவைப்படாமல் மிச்சமிருந்த இருபத்திரண்டாம் எண்ணைக் கழுவப் போட்டேன்.